கடவுளும் நானும், பூவும் பைன் மரமும், நீயும்

ரெண்டு நிமிஷத்துல முடிஞ்சுபோற பாட்டு ஒண்ணு இருக்கு. ரஷ்ய இசைக்காரர் ரஹ்மானினோவ் 1902ல எழுதினது. பேரு ‘ஸ்தெஸ் ஹரஷோ’, நம்ம பேச்சுல சொன்னா ‘இங்க நல்லாருக்கு’. ஒரு சோப்ரானோ, அதாவது உச்சத்துல பாடற பெண் குரல், ஒரு பியானோ, அவ்ளோதான். மாஸ்கோல இருந்த ஆறு வருஷத்துல வேற எந்தப் பாட்டையும் நான் இந்த அளவுக்கு வாசிச்சதில்ல. அதே பாட்டைத்தான் முதல் நாலு மாசம் தப்பான அர்த்தத்தோட வாசிச்சிருக்கேன். எல்லாம் ஒரே ஒரு சொல்லால வந்தது. ‘தா’.

ரஷ்யன்ல வேற ஒண்ணும் தெரியாதவங்களுக்குக்கூட ‘தா’ன்னா ‘ஆமா’ன்னு தெரிஞ்சிருக்கும். இந்தப் பாட்டோட கடைசி வரி ‘தா தி, மிச்தா மயா’. ‘தி’ன்னா நீ, ‘மிச்தா’ன்னா கனவு, ‘மயா’ன்னா என்னோட. அப்ப என்ன, ‘ஆமா, நீதான், என் கனவே!’ன்னு ஒரு பெரிய கூவலா இருக்கும்னு நான் எடுத்துக்கிட்டேன். அந்த வரிக்கு முன்னாடியே கையில வேகம் ஏறும், சத்தம் ஏறும், அலை எழும்பி வந்து கரையில அடிக்கிற மாதிரி கொண்டுவந்து நிறுத்துவேன். அந்த இடத்துல பாடறவ மேல ‘பி’ ஸ்வரத்துக்குப் போகணும், அதுவும் சின்னதா, கண்ணாடி மேல மூச்சு விடற மாதிரி பாடணும். ஆனா கீழ இருந்து நான் கொண்டுவர்ற அலைக்கு மேல அவளால சின்னதா பாட முடியல, ஒண்ணு குரல் மூழ்கிடும், இல்லன்னா அவ கத்திடுவா. மூச்சு போதலன்னு அவ நினைச்சா, நானும் அதைத்தான் நினைச்சேன், ரெண்டு பேரும் வாரக்கணக்கா மூச்சைப் பத்தியே பேசிக்கிட்டிருந்தோம்.

எங்க ரெண்டு பேருக்கும் சொல்லிக்கொடுத்தது எழுபது தாண்டின ஒரு அம்மா. வாழ்நாள் முழுக்க பாடகர்களுக்கு வாசிச்சே பழகின கை. அங்க பெரியவங்களைப் பேரோட அப்பா பேரையும் சேர்த்துத்தான் கூப்பிடணும், எனக்கு அது வாயில சரளமா வர ஒரு வருஷம் ஆச்சு, இங்க நான் டீச்சர்னே சொல்லிக்கிறேன். அவங்க வீட்டுல பழைய லெனின்கிராட் பியானோ ஒண்ணு, ‘கிராஸ்னி ஒக்த்யாபர்’னு தங்க எழுத்துல போட்டிருக்கும், அதாவது சிவப்பு அக்டோபர். மேல நோட்டுப் புத்தகங்கள் குவிஞ்சு கிடக்கும். அன்னிக்கு அதுல கை வெச்சுக்கிட்டே கேட்டாங்க, அந்த ‘தா’வுக்கு என்ன அர்த்தம்னு சொல்லு பாப்போம். ஆமான்னு சொன்னேன். அவங்க முகத்துல ஒரு மாற்றமும் இல்ல. ரெண்டு வரி முன்னாடி போ, அங்கயும் ஒரு ‘தா’ இருக்கு பாரு, ‘போக் தா யா’, அங்க ஆமான்னு வெச்சா பொருள் வருதா?

வரல. ‘போக்’னா கடவுள், ‘யா’ன்னா நான். கடவுள் ஆமா நான்னு ஒரு வாக்கியம் உலகத்துல கிடையாது. கிராமத்துப் பேச்சுலயும் கவிதையிலயும் ‘தா’வுக்கு இன்னொரு வேலை இருக்கு, ரெண்டு பொருளைச் சேர்க்கிற வேலை. தமிழ்ல அதுக்குத் தனியா ஒரு வார்த்தைகூட வேண்டாம், பெயரோட ஒட்டிக்கிற ‘உம்’ போதும். கடவுளும் நானும். பூவும் பழைய பைன் மரமும். கடைசியா, நீயும்.

கிளஃபீரா கலினான்னு ஒரு பெண் கவிஞர் எழுதின வரிகள் இது. மொத்தமே பத்து வரி இருக்கும். இங்க நல்லாருக்கு, தூரத்துல பாரு, ஆறு நெருப்பா எரியுது, புல்வெளி வண்ணக் கம்பளமா விரிஞ்சு கிடக்கு, மேகம் வெளுத்துத் தெரியுது. இங்க ஆள் நடமாட்டம் இல்ல, இங்க அமைதி. இங்க கடவுளும் நானும் மட்டும்தான், பூவும் பழைய பைன் மரமும், நீயும், என் கனவே.

கண்ணுக்கு முன்னாடி இருக்கறதை ஒண்ணொண்ணா எண்ணிக்கிட்டே வர்றாங்க, எண்ணி முடிக்கிற நேரத்துல கடைசியா ஒண்ணு ஞாபகம் வருது. எண்ணிக்கையில கடைசியா வர்றதை யாரும் கூவிச் சொல்லமாட்டாங்க. அதனாலதான் அந்த உச்ச ஸ்வரம் சின்னதா இருக்கணும்னு எழுதியிருக்கார் மனுஷன். நான் ‘உம்’ங்கறதை மனசுக்குள்ள சொல்லிக்கிட்டே வாசிச்சேன், கை தன்னால அடங்கிச்சு. அவ அந்த ‘பி’யைத் தொட்டா. மூச்சு தாராளமா இருந்துது. பிரச்சினை அவ மூச்சுல இருந்ததே இல்ல, என் வலது கையிலயும் என் அரைகுறை ரஷ்யன்லயும்தான் இருந்துது.

நான் எப்படி அங்க போய்ச் சேர்ந்தேன்னு கொஞ்சம் சொல்லணும். நாகர்கோவில்ல பொறந்தேன். அம்மா சர்ச்சுல ஆர்கன் வாசிப்பாங்க, அவங்க பக்கத்துல உக்காந்து பக்கம் திருப்பித்தான் எனக்கு நோட்டு படிக்க வந்துது. அப்புறம் கிரேடு எக்ஸாம் ஒவ்வொண்ணா எழுதினேன். கல்யாணம், அவருக்கு மாஸ்கோல வேலை, கூடவே போனேன். ஒரு குளிர்காலம் முழுக்க வீட்டுக்குள்ளயே இருந்து வெறுத்துப்போய் ஒரு டிஜிட்டல் பியானோ வாங்கினோம், அது வழியா பக்கத்து பிளாக்ல ஒரு ஸ்கூல் டீச்சர் பழக்கமானா, அவ பாடுவா, தன் டீச்சர்கிட்ட என்னைக் கூட்டிட்டுப் போனா.

அங்க இந்த மாதிரிப் பாட்டுக்கு ‘ரமான்ஸ்’னு பேரு. நமக்கு ரொமான்ஸ்னா சினிமா சீன் ஞாபகம் வரும், அதுக்கும் இதுக்கும் சம்பந்தமில்ல. பிரெஞ்சுல இருந்து போன சொல்லு, 19ஆம் நூற்றாண்டோட ஆரம்பத்துல பிரெஞ்சு வரிகளுக்குப் போட்ட பாட்டைத்தான் ரமான்ஸ்னு சொல்லிக்கிட்டிருந்தாங்க, ரஷ்ய வரின்னா அது ‘ரஷ்யப் பாட்டு’. போகப்போக ரஷ்யக் கவிதைக்கு இசையமைச்சு ஒரு குரலும் ஒரு பியானோவுமா பாடறதெல்லாமே ரமான்ஸ் ஆயிடுச்சு. பீட்டர்ஸ்பர்க்லயும் மாஸ்கோலயும் வசதியான வீடுகள்ல பியானோ இருக்கும், சாயங்காலம் விருந்தாளி வந்தா வீட்டுப் பொண்ணுங்களோ விருந்தாளிகளோ பாடுவாங்க. அந்த வரவேற்பறைதான் இதோட வீடு. ஜிப்ஸிப் பாடகர்கள் கிட்டார் வெச்சுப் பாடின ரமான்ஸ் தனி வகை, கண்ணீரும் கத்திக்குத்துமா கதை சொல்ற நகரத்து ரமான்ஸ் இன்னொரு வகை, ரெண்டுக்கும் அங்க இன்னிக்கும் உயிரைக் கொடுக்கிற ரசிகர்கள் உண்டு. நான் வாசிச்சது கிளின்கா, சைகோவ்ஸ்கி, ரஹ்மானினோவ் வழியில வந்தது.

இந்த வழியில யார்கிட்ட போனாலும் கவிதைதான் முன்னாடி நிக்கும். புஷ்கின் 1825ல ஆன்னா கெர்ன்ங்கற பெண்ணுக்கு ஒரு கவிதை எழுதிக் கொடுத்தார், அந்த அற்புதக் கணம் எனக்கு ஞாபகம் இருக்குன்னு ஆரம்பிக்கும், அங்க பள்ளிக்கூடப் பிள்ளைங்க மனப்பாடம் பண்ற கவிதை. பதினஞ்சு வருஷம் கழிச்சு, 1840ல, அதுக்குக் கிளின்கா இசையமைக்கிறார். யாருக்காகன்னு நினைக்கிறீங்க? அதே ஆன்னா கெர்னோட மக எகதெரீனாவுக்காக. அம்மாவுக்கு ஒரு கவிஞர் எழுதினதை மகளுக்கு ஒரு இசைக்காரர் பாட்டா கொடுக்கிறார். முதல்ல இந்தக் கதை தெரியாமத்தான் வாசிச்சேன். தெரிஞ்ச பிறகு அந்த ஆரம்பத்தை அவசரமா வாசிக்கவே மனசு வரல.

தர்கமீஷ்ஸ்கின்னு ஒருத்தர், கிளின்காவுக்கு அடுத்த ஆளு. 1857ல ஒரு கடிதத்துல எழுதறார்: ஓசை நேரா சொல்லையே சொல்லணும், எனக்கு உண்மை வேணும். டீச்சர் இதை அடிக்கடி சொல்லுவாங்க, ஏதோ பக்கத்து வீட்டுக்காரர் நேத்து சொல்லிட்டுப் போன மாதிரி.

எனக்கு அவங்க வெச்ச பழக்கம் இது: எந்தப் பாட்டா இருந்தாலும் முதல் வாரம் வரிகளை உரக்கப் படிக்கணும். அடுத்த வாரம் வாசிக்கும்போது சத்தமில்லாம வாயை அசைச்சுச் சொல்லிக்கிட்டே வாசிக்கணும். பாடறவ எங்க மூச்சு எடுக்கிறாளோ அங்க நானும் எடுக்கணும். பியானோவுக்கு மூச்சு எதுக்குன்னு முதல்ல எனக்குப் புரியல. அவ ஒரு நீளமான வரி பாடப்போறான்னா அதுக்கு முன்னாடி ஒரு கண இழை இடம் கேப்பா, அந்த இடத்தை நான் விடலன்னா அவ ஓடிவந்துதான் ஏறணும். கூடவே மூச்சு எடுத்தா அந்த இடம் தானா விழும், எண்ணிக்கிட்டிருக்க வேண்டாம்.

சொல்லோட தலைப்பகுதிதான் எனக்கு ரொம்ப நாள் தகராறு. ‘இங்க நல்லாருக்கு’ல மூணாவது சொல்லே ‘வ்ஸ்க்லினீ’, அதாவது ‘பாரு’. உயிரெழுத்து வர்றதுக்கு முன்னாடியே நாலு மெய், வ், ஸ், க், ல். தமிழ்ல எந்தச் சொல்லும் இப்படி ஆரம்பிக்காது, நமக்குச் சொல்லோட முதல் எழுத்துலயே உயிர் வந்து உக்காந்துடும். அதனால என் காது அந்த ‘வ்’ கேட்டதுமே பாட்டு ஆரம்பிச்சிடுச்சுன்னு நினைச்சு விரலை இறக்கிடும். அவளோட உயிரெழுத்து வந்து சேரும்போது என் கார்டு, அதாவது நான் சேர்த்து அமுக்கற ஸ்வரக் கொத்து, ஏற்கெனவே விழுந்து முடிஞ்சிருக்கும். கேக்கறவங்களுக்கு ஏதோ ஒட்டலன்னு மட்டும் தெரியும், என்னன்னு தெரியாது. டீச்சர் என் தோள்ல விரலால தட்டித் தட்டிக் காமிச்சாங்க, மெய்யெல்லாம் தாளத்துக்கு முன்னாடியே வந்துடும், உயிரெழுத்து வரும்போதுதான் நீ வரணும். கேட்டுக் கேட்டுத்தான் பழகிச்சு. இப்பக்கூட அந்த இடத்துல என் கை ஒரு இழை காத்திருக்கும்.

ஆனா ஒரு விஷயத்துல எனக்கு அங்க இருந்த மத்த வெளிநாட்டுக்காரங்களைவிடச் சுலபமா இருந்துது. ரஷ்யன்ல மெய்யெழுத்துக்குக் கடினம், மென்மைன்னு ரெண்டு முகம். மென்மையான ‘ன’ கிட்டத்தட்ட நம்ம ‘ஞ’ மாதிரி. ஒரு பிரெஞ்சுப் பையன் ஏதோ ஒரு சொல்லுல அதைச் சொல்ல முயற்சி பண்ணிக்கிட்டிருந்தான், எனக்கு ஞாயிறு, ஞாபகம்னு சொல்லிப் பழகின நாக்கு, தானா வந்துது. ‘ஓ’ங்கற எழுத்து அழுத்தம் இல்லாத இடத்துல ‘அ’ ஆயிடும், அதனால எழுதறது ஹொரொஷோ, சொல்றது ஹரஷோ. பாடும்போதும் அப்படித்தான். இதெல்லாம் பாடறவங்க கவலைன்னு நினைக்கலாம், ஆனா அழுத்தம் எந்த அசையில விழுதோ அங்கதான் என் கார்டுக்கும் எடை, மத்த அசையில நான் லேசா இருக்கணும்.

சைகோவ்ஸ்கி நூத்துக்கு மேல ரமான்ஸ் எழுதியிருக்கார். அதுல உலகம் முழுக்கத் தெரிஞ்சது 1869ல எழுதினது, அப்ப அவருக்கு வயசு 29. வரிகள் கோத்தேயோடது, லேவ் மெய்ங்கற கவிஞர் ரஷ்யனுக்குக் கொண்டுவந்தது: சந்திக்கணும்ங்கற தாகம் தெரிஞ்சவனுக்குத்தான் நான் பட்டது புரியும். லவ்ரோவ்ஸ்கயாங்கற பாடகி 1870ல மாஸ்கோல முதல்ல பாடினாங்க. பின்னாடி ‘யெவ்கேனி ஒனேகின்’ கதையை ஆப்ராவா, அதாவது பாடியே நடிக்கிற நாடகமா எழுதுங்களேன்னு சைகோவ்ஸ்கிக்கு 1877ல யோசனை சொன்னதும் அதே அம்மாதான்.

இந்தப் பாட்டுல குரல் வர்றதுக்கு முன்னாடி பியானோவே ராகத்தைப் பாடிடுது. ஒரு பெரிய தாவல், மேல இருந்து கீழ, ஏழாவது ஸ்வரத்துக்கு. குரல் வந்த பிறகு வலது கைக்குத் தாளத்துல விழற வேலையே இல்ல, ஒவ்வொரு கார்டும் தாளத்துக்குப் பின்னாடி அரை அடி தள்ளித்தான் விழும். வாசிக்கிறவங்களுக்கு இது பெரிய சோதனை. கொஞ்சம் அசந்தா அந்தப் பின்னாடி விழற கார்டுகள் பாட்டைத் தள்ளிக்கிட்டே போகும், பாட்டு வேகமாகிடும். இழுத்துப் பிடிச்சா நொண்டும். ஏக்கத்துல இருக்கிறவங்க மூச்சு விடறதைக் கேட்டிருக்கியா, பேச்சுக்கும் மூச்சுக்கும் நடுவுல ஒரு இடறல் இருக்கும், அதைத்தான் எழுதியிருக்கார்னு டீச்சர் சொன்னாங்க. நான் அதுக்கப்புறம் எண்ணறதை விட்டுட்டேன்.

அவரோட கடைசி ஆறு ரமான்ஸ் 1893ல வந்தது, அவர் இறந்த அதே வருஷம். வரிகள் ரத்ஹவுஸ்னு ஒரு இளைஞனோடது, கீவ்ல சட்டம் படிச்சுக்கிட்டிருந்தவன், தபால்ல கவிதை அனுப்பி வெச்சான், அவ்ளோ பெரிய மனுஷர் அதை எடுத்து இசையமைச்சார். ஆறாவது பாட்டோட முதல் வரி: மறுபடியும், முன்ன மாதிரியே, தனியா. அதை நாங்க ரெண்டு தடவைதான் வாசிச்சோம். ஒவ்வொரு தடவையும் முடிஞ்ச பிறகு வேற எதையும் தொட முடியல.

ரஹ்மானினோவ் வந்ததும் பியானோ வேற ஒண்ணாயிடுது. அவரே அந்தக் காலத்தோட பெரிய பியானோக்காரர்கள்ல ஒருத்தர், கை அவ்ளோ பெருசு, தன் கைக்குத்தான் எழுதினார். என் கையில ஆக்டேவுக்கு, அதாவது எட்டு ஸ்வர அகலத்துக்கு மேல ஒரு கட்டை எட்டினா அதிகம். இடது கையில பத்து ஸ்வர அகலத்துக்கு அவர் வெச்ச கார்டை ஒரே நேரத்துல என்னால அமுக்க முடியாது, உருட்டித்தான் வாசிக்கணும். உருட்டினா எப்போ ஆரம்பிக்கிறதுங்கறதுதான் கேள்வி. கீழ் ஸ்வரத்தைத் தாளத்துல வெச்சா மேல் ஸ்வரம் லேட்டாகும், பாடறவளுக்கு மேல் ஸ்வரம்தான் காதுல விழும், அவ தயங்குவா. அதனால கீழ் ஸ்வரத்தைக் கொஞ்சம் முன்னாடியே தொட்டு, பெடல்ல பிடிச்சு வெச்சுக்கிட்டு, மேல் ஸ்வரத்தை அவ உயிரெழுத்தோட சேர்த்து வைக்கணும். இது வந்த பிறகுதான் சின்னக் கையை நினைச்சு வருத்தப்படறது எனக்கு நின்னுச்சு.

1896ல அவர் எழுதின ‘வசந்த கால வெள்ளம்’னு ஒண்ணு, த்யூத்செவ் கவிதை. அதைத் தன் சின்ன வயசுப் பியானோ டீச்சருக்குக் காணிக்கை பண்ணியிருக்கார், அர்னாத்ஸ்கயான்னு பேரு. வயல்ல இன்னும் பனி வெள்ளையா கிடக்கு, ஆனா தண்ணி ஏற்கெனவே வசந்தத்தோட இரையுதுன்னு ஆரம்பிக்கும். பியானோ முதல் நொடியிலயே பாய ஆரம்பிச்சிடும். டிசம்பர்ல இதை எடுத்தப்ப விரல் மட்டும்தான் ஓடிச்சு, எனக்குள்ள ஒண்ணும் ஓடல. எங்க ஊர்ல மழைக்காலம் தெரியும், வசந்தம்ங்கறது காலண்டர்ல இருக்கிற ஒரு சொல்லு. அப்புறம் மார்ச் கடைசி வந்துது. கூரையில ஏறி ஆளுங்க பனிக்கட்டியை வெட்டித் தள்ளிக்கிட்டிருக்காங்க, கீழ நடைபாதையில சிவப்பு வெள்ளை நாடா கட்டியிருக்காங்க, கூரையில இருந்து வர்ற தகரக் குழாய்க்குள்ள ஐஸ் துண்டு உடைஞ்சு தடதடன்னு இறங்குது. ஒரு நாள் காலையில கடைக்குப் போறப்ப கால் கீழ பனி கெட்டியாத்தான் இருக்கு, அதுக்கு அடியில ஏதோ ஓடற சத்தம். குனிஞ்சு நின்னு கேட்டேன். பனிக்கு அடியில தண்ணி. அஞ்சு மாசமா எதுவும் அசையாத ஒரு ஊர்ல எங்க பாத்தாலும் தண்ணி சத்தம். சாயங்காலம் வந்து அந்தப் பாட்டை எடுத்தேன். டீச்சர் அன்னிக்கு எதுவும் திருத்தல.

‘லிலாக்’ பாட்டும் 1902 தான். பிக்யேத்தவான்னு ஒரு கவிஞர், பிளோக்ங்கற ரஷ்யக் கவிஞரோட பெரியம்மா. விடியக்காலையில பனித்துளி படிஞ்ச புல்லுல நடந்துபோய் லிலாக் பூவுல என் சந்தோஷத்தைத் தேடப்போறேன்னு வரும். ஏன் சந்தோஷத்தைப் பூவுல போய்த் தேடணும்னு பாடகிகிட்ட கேட்டேன். அவ சிரிச்சுக்கிட்டே சொன்னா, லிலாக் பூவுக்கு நாலு இதழ்தான், எப்பவாவது அஞ்சு இதழ் பூ ஒண்ணு கிடைக்கும், கிடைச்சா அதிர்ஷ்டம், வாயில போட்டுக்கணும், சின்னப் பிள்ளையில நாங்க எல்லாரும் தேடியிருக்கோம். பாட்டுல அந்த அஞ்சு இதழ் பத்தி ஒரு வார்த்தை இல்ல, அங்க யாருக்கும் சொல்ல வேண்டியதும் இல்ல. இதைக் கேட்டதுல இருந்து அந்த ஓடற விரல்கள் எனக்கு ஒரு கொத்தைக் கையில பிடிச்சு ஒவ்வொரு பூவா விலக்கிப் பாக்கிற மாதிரி ஆயிடுச்சு.

இந்த 1902 பாட்டுகளைத் தன் கல்யாணச் செலவுக்கும் அதுக்கப்புறம் வெளிநாடு போய்வரவும் பணம் வேணும்னு அவசர அவசரமா எழுதினார். பொண்ணு நத்தாலியா, சொந்தத்துலதான். ‘இங்க நல்லாருக்கு’ அவங்களுக்குத்தான் காணிக்கை. தம்போவ் பக்கம் இவானொவ்காங்கற கிராமத்துல அவங்க குடும்பத்துக்குப் பெரிய வீடும் தோட்டமும் இருந்துது, வருஷா வருஷம் கோடையில அங்க போய் எழுதுவார். புரட்சியில எல்லாம் அழிஞ்சுது, பிற்காலத்துல அதே மாதிரித் திரும்பக் கட்டி அருங்காட்சியகம் ஆக்கியிருக்காங்க. ஒரு மே மாசம் போயிருந்தோம். சுத்தி ஒரே சமவெளி, நடுவுல லிலாக் புதர்கள், வாசனை தலையைச் சுத்த வைக்கிற அளவுக்கு.

1917 டிசம்பர்ல அவர் ரஷ்யாவை விட்டுப் போனார். அதுக்கப்புறம் இருபத்தஞ்சு வருஷம் உயிரோட இருந்தார், 1943ல அமெரிக்காவுல இறந்தார், நியூயார்க் பக்கத்துல புதைச்சிருக்காங்க. அந்த இருபத்தஞ்சு வருஷத்துல பியானோவுக்கு எழுதினார், ஆர்க்கெஸ்ட்ராவுக்கு எழுதினார். குரலுக்கும் பியானோவுக்குமா ஒரு புது ரமான்ஸ்கூட வெளியிடல. அதுக்கு முன்னாடி கிட்டத்தட்ட எண்பது ரமான்ஸ் எழுதின மனுஷன். மேடை வேலை அதிகம், நேரமில்லன்னு காரணம் சொல்லுவாங்க, அதுவும் உண்மைதான், வருஷம் முழுக்க ஊர் ஊரா கச்சேரி. ஆனா எனக்கு வேற மாதிரி தோணும். காலையில எழுந்து ரொட்டிக் கடையில பேசற பேச்சு காதுல விழாத இடத்துல ரமான்ஸ் பிறக்காது. ஆறு வருஷம் தமிழ் காதுல விழாத தெருக்கள்ல நடந்திருக்கேன், அதனால இதை நான் தைரியமா சொல்றேன்.

நாங்க மேடையில பாடினது ஒரே தடவை. ஒரு வட்டார லைப்ரரியோட சின்ன ஹால், ஜூன் ஆரம்பம், நாப்பது பேர் வந்திருப்பாங்க, பாதிப் பேர் டீச்சர் வயசு. பாட்டு முடியற விதத்தைப் பத்தி டீச்சர் முன்னாடியே எச்சரிச்சிருந்தாங்க: குரல் நின்ன பிறகும் பியானோ கொஞ்ச தூரம் தனியா போகும், அந்த நேரத்துல பாடறவ தோளைத் தளர்த்திட்டா ஜனங்க பாட்டு முடிஞ்சுதுன்னு கை தட்டிடுவாங்க. நீ பாடி முடிச்ச இடத்துலயே பார்வையை வெச்சுக்கிட்டு நில்லு, உன் வரியை அவ முடிக்கிறா, அதைக் கேட்டுக்கிட்டு நில்லு. அப்படியே நின்னா. ‘மிச்தா’ன்னு அவ அந்த ‘பி’யை எடுத்தப்ப ஹால்ல ஒரு நாற்காலிகூட அசையல. என் கடைசி ஸ்வரம் அடங்கற வரைக்கும் யாரும் தட்டல, பெடல்ல இருந்து காலை எடுத்த பிறகுதான் சத்தம் வந்துது. முன்வரிசையில இருந்த ஒரு பாட்டி மூணு லிலாக் கிளை கொண்டுவந்து எங்களுக்குக் கொடுத்தாங்க. அங்க உயிரோட இருக்கறவங்களுக்குப் பூ எப்பவும் ஒத்தப்படைதான், ரெட்டைப்படை சாவு வீட்டுக்கு.

இப்ப ஊருக்கு வந்து ஒன்றரை வருஷம் ஆச்சு. பாட இங்க யாரும் இல்ல, நான் மட்டும் வாசிக்கிறேன், வாயை அசைச்சுக்கிட்டே. போன மாசம் அம்மா வந்து பக்கத்துல உக்காந்தாங்க. பழக்கத்துல பக்கம் திருப்பக் கை நீட்டினாங்க, நான் மனப்பாடமா வாசிக்கிறேன்னு பாத்துட்டு எடுத்துக்கிட்டாங்க.

“இதுல என்னதான் சொல்லுகு மக்ளே?”

வரி வரியா தமிழ்ல சொன்னேன். ஆறு எரியுது, மேகம் வெளுத்திருக்கு, இங்க ஆள் யாரும் இல்ல, கடவுளும் நானும், பூவும் பைன் மரமும், நீயும், என் கனவே. அம்மா கொஞ்ச நேரம் ஒண்ணும் சொல்லல. அப்புறம் கேட்டாங்க.

“ஆள் யாரும் இல்லன்னு முன்னமே சொல்லியாச்சே. அப்பம் அந்த ‘நீ’ அங்க இல்லல்லா?”

எத்தனை தடவை வாசிச்சிருக்கேன். அந்த ‘நீ’ பக்கத்துலயே கையைப் பிடிச்சுக்கிட்டு நிக்கறதா நினைச்சுத்தான் இத்தனை நாளும் வாசிச்சிருக்கேன். ‘மிச்தா’ தூக்கத்துல வர்ற கனவு இல்ல, அதுக்கு ரஷ்யன்ல ‘சோன்’னு வேற சொல்லு இருக்கு, மிச்தா முழிச்சுக்கிட்டே ஆசையா நினைச்சுக்கிறது. இது எனக்குத் தெரிஞ்ச விஷயம்தான். தெரிஞ்சும் அதை அந்த வரியோட சேர்த்துப் பாக்கல. டீச்சரும் அப்படிச் சொன்னதில்ல, ஒருவேளை அது சொல்லாமலே எனக்குத் தெரியும்னு நினைச்சிருப்பாங்க.

அன்னிக்கு ராத்திரி மாஸ்கோவுக்கு வாய்ஸ் மெசேஜ் அனுப்பினேன், எங்க அம்மா இப்படிக் கேக்கறாங்கன்னு. காலையில பாத்தா ரெண்டு பதில் இருந்துது. முதல்ல ஒரு நீளமான மௌனம், அவ சமையலறை கடிகாரச் சத்தம் மட்டும், அப்புறம் “திரும்ப வாசிச்சு அனுப்பு”ன்னு. ரெண்டாவதுல அவ தனியா அந்தக் கடைசி ரெண்டு வரியைப் பாடியிருந்தா, பியானோ இல்லாம, முன்னைவிடச் சின்னதா. அவ நிறுத்தின இடத்துல இருந்து மிச்சத்தை நான் வாசிச்சு அனுப்பினேன்.